டர்போ டீசல் பிக்கப்புக்கு வெளியில் விற்கும் ஏர் இன்டேக் கிட் போட்டால் இழுவை கூடுமா?

மலைத்தோட்டம் | கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2017 இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2.5 லிட்டர் டர்போ டீசல், கம்பெனிக் கணக்கில் 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். தோட்டத்துக் கேரட்டையும் பூண்டையும் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு உரமூட்டையோடு திரும்பி ஏறுவேன். முன்பெல்லாம் மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் விசாரித்தேன். கம்பெனி ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, அலுமினியக் குழாயும் கோன் ஃபில்டரும் சேர்ந்த கிட்டைப் போட்டால் 10 முதல் 15 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறார்கள். விலை இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. கொடுக்கிற காசுக்கு ஏற்றத்தில் வித்தியாசம் தெரியுமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை டர்போ

நான் போட்டிருக்கிறேன் நண்பரே, இதே எஞ்சின்தான். மிதித்தவுடன் வண்டி சட்டென்று கிளம்புகிறது. டர்போ விசில் கேபினுக்குள்ளேயே நன்றாகக் கேட்கும். கம்பெனி பெட்டி குறுகல், வளைவு நிறைய. எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டால்தானே ஓடும்? எனக்கு முழுத் திருப்தி. தயங்காமல் போடுங்கள்.

நோசல் பட்டறை | ஈரோடு

தம்பி, காசைக் கொடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். பெட்ரோல் வண்டிக்குச் சொல்கிற கதையை அப்படியே டீசலுக்குச் சொல்லி விற்கிறார்கள்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கு ஏற்ற பெட்ரோலைச் சேர்க்கிறார்கள். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். டீசலில் சக்தியை முடிவு செய்வது நோசல் தெளிக்கும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே போய்க்கொண்டிருக்கும். நீங்கள் பெடலை மிதிக்கும்போது இவ்வளவு டார்க் வேண்டும் என்று ஈசியூவிடம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியிடம் கேட்கிறீர்கள். அது தன் மேப்பில் (உள்ளே எழுதி வைத்த அட்டவணையில்) பார்த்து, இத்தனை மில்லிகிராம் டீசல் என்று நோசலுக்கு உத்தரவு போடுகிறது. ஃபில்டரை மாற்றியதால் அந்த உத்தரவு மாறாது.

காற்று குறுக்கே வருவது ஒரே ஒரு இடத்தில். இருக்கிற காற்றுக்கு மேல் டீசல் ஊற்றினால் கரும்புகை வரும் என்பதால், ஈசியூவில் புகைக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். பூஸ்ட், அதாவது டர்போ கொடுக்கும் காற்றழுத்தம், இன்னும் ஏறாத அந்த ஓரிரு வினாடிதான் அந்த வரம்பு கையைப் பிடிக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் அதைத் தாண்டிய பிறகு காற்றுக்குப் பஞ்சம் கிடையாது.

என் பட்டறைக்கு இழுவை இல்லை என்று வரும் டர்போ வண்டிகளில் ஃபில்டர் பெட்டி சிறியது என்பதால் இழுவை போனதாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் வெடித்திருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும், டர்போவுக்குள் திறந்து மூடும் வேன் இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கும், எரிந்த புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் நிற்கும், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும். முன்பு ஏறிய ஏற்றத்தில் இப்போது ஏறவில்லை என்றால், இருந்த ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. அதைத் தேடுங்கள்.

கோவை டர்போ

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நான் ஓட்டிப் பார்த்து உணர்ந்ததை எப்படி இல்லை என்று சொல்வது? கிட் விற்பவர்கள் டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) கிராஃபும் காட்டுகிறார்களே.

டெஸ்ட் பெஞ்ச் | ஓசூர்

எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் எண்களை வைத்துப் பேசுகிறேன்.

2.5 லிட்டர் எஞ்சின் 3600 சுற்றில் ஓடும்போது, பூஸ்ட் இல்லையென்றால் நிமிடத்துக்கு 4500 லிட்டர் காற்று விழுங்கும். டர்போ அழுத்திக் கொடுப்பதால் வெளியிலிருந்து இழுக்கும் அளவு சுமார் 7500 லிட்டருக்குப் போகும். இவ்வளவு காற்று போகும்போது சுத்தமான பேப்பர் ஃபில்டரும் பெட்டியும் குழாயும் சேர்ந்து தடுக்கும் அழுத்தம் பொதுவாக 2, 3 கிலோபாஸ்கல். மிக நல்ல கிட் அதில் ஒரு கிலோபாஸ்கலைக் குறைக்கலாம். கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, கிடைப்பது ஒரு சதவீதம்.

அந்த ஒரு சதவீதமும் எஞ்சினுக்கு நேரடியாகப் போய்ச் சேராது. உங்கள் வண்டியில் இருப்பது வேன் திறந்து மூடும் டர்போ. இன்டர்கூலருக்குப் பிறகு உள்ள சென்சார், எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஈசியூ கேட்ட பூஸ்ட் வந்ததும் வேன்களைத் திறந்து அதற்கு மேல் ஏறாமல் நிறுத்திவிடும். ஃபில்டர் தடை குறைந்தால் டர்போ கொஞ்சம் நிதானமாகச் சுற்றி அதே பூஸ்டைக் கொடுக்கும். டர்போவுக்கு அது நல்லதுதான், ஆனால் சக்கரத்துக்குக் கூடுதல் சக்தி வராது.

இப்போது மலைக்கு வருவோம். ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல். மேட்டுப்பாளையத்தில் இருந்து மேலே போவதற்குள் 20 கிலோபாஸ்கலுக்கு மேல் போய்விடுகிறது. ஃபில்டரில் மிச்சம் பிடிக்கும் ஒரு கிலோபாஸ்கலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேனிஃபோல்டில் 220 கிலோபாஸ்கல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சமவெளியில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.9 மடங்கு அழுத்த வேண்டும். அவ்வளவு வேகமாகச் சுற்றினால் டர்போ தாங்காது என்பதால், உயரம் ஏற ஏற ஈசியூவே கொஞ்சம் டீசலைக் குறைத்துக்கொள்ளும். மலையில் வண்டி சற்று மந்தமாவதில் ஒரு பங்கு இயற்கை. ஆனால் அந்தப் பங்கு போன வருடமும் இருந்திருக்கும். புதிதாகக் குறைந்தது எது என்று பட்டறை அண்ணன் கேட்பதுதான் சரியான கேள்வி.

கிராஃப் விஷயம் தனியாகப் பேச வேண்டியது. பழைய அழுக்கு ஃபில்டரோடு ஒரு ஓட்டம், கிட் போட்டு ஒரு ஓட்டம், பானெட்டைத் திறந்துவைத்து முன்னால் பெரிய ஃபேன். அப்படி எடுத்தால் கிட் ஜெயிக்காமல் என்ன செய்யும்? ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் டைனோவில் அடுத்தடுத்து ஓட்டினாலே எஞ்சின் சூடு, டயர் சூடு காரணமாக இரண்டு மூன்று சதவீதம் மேலே கீழே போகும். புது பேப்பர் ஃபில்டரோடு, பானெட் மூடி, இரண்டு பக்கமும் பல ஓட்டம் எடுத்த கிராஃப் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

சாலையில் பானெட் மூடியிருக்கும். திறந்த கோன் ஃபில்டர் எஞ்சின் அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏழெட்டு சதவீதம் குறைந்துவிடும். இன்டர்கூலர் அதில் ஒரு பகுதியை மீட்கும், முழுவதையும் மீட்காது. கம்பெனி பெட்டி ஃபெண்டர் பக்கமிருந்து வெளிக்காற்றை எடுப்பதற்குக் காரணம் இதுதான். ஏற்றத்தில் லோடோடு மெதுவாகப் போகும் வண்டியில் எஞ்சின் அறைச் சூடு இன்னும் மோசம்.

நோசல் பட்டறை | ஈரோடு

கோவைத் தம்பி உணர்ந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு ஒரு காரணத்தால் அப்படித் தெரியலாம்.

ஃபில்டர் பெட்டிக்குப் பிறகு குழாயில் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அது முழுக் குழாயிலும் போகும் காற்றை அளப்பதில்லை. நடுவில் ஒரு சின்ன வாய் வழியாகப் போவதை மட்டும் அளந்து, குழாயின் விட்டத்தை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுகிறது. கிட்டில் வரும் குழாய் இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால்கூடப் போதும், அதே காற்று போனாலும் சென்சார் குறைத்துச் சொல்லும். காற்று குறைகிறது என்று நம்பி ஈசியூ இஜிஆர் வால்வை மூடும். எரிந்த புகை திரும்ப உள்ளே வருவது நின்றதும் பாதி மிதியில் வண்டி துள்ளலாகத் தெரியும். முழு மிதியில் அதே பொய்க் கணக்கு புகை வரம்பைச் சீக்கிரம் தொட வைத்து டீசலைக் குறைக்கும். ஊருக்குள் நன்றாக இருந்து, லோடோடு ஏறும்போது காலை வாரும். சில வண்டிகளில் எஞ்சின் விளக்கும் எரிய ஆரம்பித்துவிடும்.

சத்தத்துக்கும் பங்கு உண்டு. டர்போ விசில் கேட்டால் கால் தானாக இன்னும் கொஞ்சம் அழுத்தும்.

ஸ்நார்க்கல் பிரியன் | தேனி

இடையில் ஒரு கேள்வி. நான் ஸ்நார்க்கல் (கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போடலாம் என்று இருக்கிறேன். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்தம் கொடுக்கும் என்கிறார்களே?

டெஸ்ட் பெஞ்ச் | ஓசூர்

100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமும் கிடைத்தாலும் அரை கிலோபாஸ்கல்கூட இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் பேச்சுக்கே இடமில்லை. நீளமான குழாயின் தடை அதைத் தின்றுவிடும். ஆற்றைக் கடப்பதற்கும், மண் சாலையில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே இருந்து காற்று எடுப்பதற்கும் ஸ்நார்க்கல் அருமையான பொருள். அதற்காகத் தாராளமாகப் போடுங்கள்.

டெக்சாஸ் டீசல் | ஹூஸ்டன்

இங்கே அமெரிக்காவில் இந்த விவாதம் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு உதாரணம் இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்பில் 2003 வரை வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எஞ்சின் இரும்பு மாதிரி. ஆனால் 1999 முதல் வந்த வண்டிகளின் தட்டை ஃபில்டர் பெட்டி, ஃபில்டர் அடைக்க அடைக்க லேசாக வளைந்து ஓரத்தில் இடைவெளி விடும் என்று பெயர் வாங்கியது. அந்த இடைவெளியில் புழுதி நேராக டர்போவுக்குப் போகும். கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ்களின் நுனி தேயும், பிறகு பிஸ்டன் ரிங்குகள் தேயும். அதனால் இங்கே பலர் கனரக லாரிகளுக்கான பெரிய உருளை பேப்பர் ஃபில்டரை அதில் பொருத்தினார்கள். ஃபோர்டே இறுக்கமாக மூடும் பெரிய பெட்டியைத் தனியாக விற்றது.

அந்த மாற்றத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் போட்டதும் பேப்பர் ஃபில்டர்தான், கம்பெனி ஃபில்டரைவிடப் பெரியது. குதிரைத்திறனைவிடச் சுத்தமான காற்றுக்காகத்தான் பெரும்பாலானவர்கள் செலவழித்தார்கள். பெரிய இன்ஜெக்டரும் ட்யூனும் போட்டு டீசலை மிக அதிகமாக ஊற்றியவர்களுக்கு மட்டும் அந்த அகலம் சக்தியாகவும் பலன் கொடுத்தது.

மலைத்தோட்டம் | கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. கிட் வாங்குவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். என் ஃபில்டர் உண்மையிலேயே தடுக்கிறதா என்று நானே பார்க்க வழி உண்டா? டைனோவுக்கெல்லாம் இங்கிருந்து இறங்கிப் போக முடியாது.

டெஸ்ட் பெஞ்ச் | ஓசூர்

உண்டு, செலவும் அதிகமில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கட்டி, பாதி வரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். இன்னொரு முனை ஃபில்டர் பெட்டியின் சுத்தக் காற்றுப் பக்கத்தில், சென்சாரைத் தொடாத இடத்தில் ஒரு சின்ன நிப்பிள் வழியாகச் சேர வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் துளையைப் புழுதி நுழையாதபடி கெட்டியாக அடைத்துவிட வேண்டும், மறக்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, லோடோடு ஏற்றத்தில் முழு மிதி கொடுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டரின் தடை. 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோபாஸ்கல்.

ஒரு சாண் வித்தியாசம் வந்தால் எல்லாம் சரி. ஒரு முழத்தைத் தாண்டினால் ஃபில்டரை மாற்றுங்கள். பெரிய டர்போ டீசல் எஞ்சின்களில் 60 சென்டிமீட்டரை ஒட்டி எல்லை வைப்பது வழக்கம்.

அதோடு, நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஈசியூ கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட் இரண்டையும் ஒரே திரையில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிப் போனால் காற்றுப் பக்கம் குறையில்லை.

மலைத்தோட்டம் | கோத்தகிரி

பார்த்துவிட்டேன். டியூபில் ஒரு சாணுக்குச் சற்று குறைவு, அதனால் ஃபில்டர் மேல் சந்தேகம் இல்லை. ஸ்கேனரில்தான் விஷயம் வெளியே வந்தது. 2500 சுற்றுக்கு மேலே கேட்கும் பூஸ்டுக்கும் வரும் பூஸ்டுக்கும் நல்ல இடைவெளி. மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இன்டர்கூலரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் முனையில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் செம்மண் அப்பியிருந்தது. துடைத்ததும் கிளாம்புக்குக் கீழே விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். பூஸ்ட் ஏறும்போது மட்டும் அது விரிந்து காற்றை விடுகிறது. வண்டி நிற்கும்போது கையால் அழுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கியர் பழையபடி பிடிக்கிறது.

நோசல் பட்டறை | ஈரோடு

நல்லது தம்பி. கிட் போட்டிருந்தால் அதிலும் அந்தக் கீறல் அப்படியே இருந்திருக்கும். புது கிளாம்பை ஓரிரு வாரம் ஓட்டிய பிறகு சூடு ஆறியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ரப்பர் கொஞ்சம் அமுங்கும்.

கோவை டர்போ

நான் அடுத்து ரீமேப் (ஈசியூவின் மேப்பை மாற்றி எழுதுவது) செய்யப் போகிறேன். அப்போது என் கிட்டுக்கு வேலை இருக்கும் அல்லவா? மைலேஜ் கூடும் என்பதாவது உண்மையா?

டெஸ்ட் பெஞ்ச் | ஓசூர்

ரீமேப்பில் டீசலும் பூஸ்டும் கூடினால் காற்றுத் தேவையும் கூடும், தடையும் வேகமாக ஏறும். காற்று இரண்டு மடங்கானால் தடை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அந்த நிலைக்குப் போனால் பெரிய ஃபில்டருக்கு அர்த்தம் வரும். அப்போதும் நான் முதலில் பார்ப்பது இன்டர்கூலரையும் எக்ஸாஸ்ட் சூட்டையும் கிளட்சையும்தான். கோன் ஃபில்டரைச் சுற்றி ஒரு மூடிய பெட்டி கட்டி வெளிக்காற்று வரும்படி செய்யுங்கள். குழாயின் விட்டத்துக்கு ஏற்ப சென்சார் கணக்கையும் ரீமேப் செய்பவரிடம் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மைலேஜ் பற்றி: அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கணினிக் கட்டுப்பாடு உள்ள பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தது. வேகமெடுப்பது குறைந்ததே தவிர, மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. அடைத்த ஃபில்டரே அங்கே மைலேஜைத் தின்னவில்லை. சுத்தமான பேப்பரை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டால் டீசலில் மைலேஜ் எங்கிருந்து வரும்?

சங்ககிரி லாரி

ஐயா, இதுவரை யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஃபில்டர் என்றால் முதலில் புழுதி, பிறகுதான் மற்றதெல்லாம். குவாரிக்கும் கிரஷருக்கும் போய்வரும் வண்டி எங்களுடையது. ஜல்லித்தூள் உள்ளே போன எஞ்சின் எப்படி ஆகும் என்று பார்த்திருக்கிறோம். ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளும். பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்போம். லைனர், பிஸ்டன், ரிங் செலவு லட்சத்தைத் தொடும்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் துளைகள் பெரிது. காற்று எளிதாகப் போகிறது என்றால் நுண்தூளும் எளிதாகப் போகும். நம் ஊர்ச் சாலையில் நான் அதை நம்ப மாட்டேன். கழுவி எண்ணெய் தடவும்போது கொஞ்சம் அதிகமாகிவிட்டால் அது பறந்துபோய் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய படலத்தில் ஒட்டும்.

எங்கள் வண்டிகளில் ஃபில்டர் உறைமேல் சின்ன இண்டிகேட்டர் இருக்கிறது. சிவப்பு தெரிந்தால் வெளி எலிமென்ட்டை மாற்றுவோம். அதற்கு முன்னால் அடிக்கடி திறப்பதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் புழுதி சுத்தப் பக்கத்தில் விழும்.

மலைத்தோட்டம் | கோத்தகிரி

அண்ணா, இங்கே சர்வீஸில் ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெளியே எடுத்து ஏர் அடித்துத் திரும்ப மாட்டுகிறார்கள். அது சரியா?

சங்ககிரி லாரி

கூடுமானவரை வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. பஞ்சர் கடை ஏர் லைனை அப்படியே வைத்து அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். தரையில் தட்டினால் ரப்பர் விளிம்பு கோணும். புழுதிக் காட்டில் வேறு வழியே இல்லை என்றால், அழுத்தத்தைக் குறைத்து, சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கி, நாசிலைத் தள்ளிப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஓரிரு முறைதான், பிறகு புதுசு போட வேண்டும். லாரியில் உள்ளே இன்னொரு சேஃப்டி எலிமென்ட் இருக்கும். அதற்கு ஏர் அடிக்கவே கூடாது, மாற்றுவது மட்டும்தான்.

ஃபில்டரை எடுத்தவுடன் பெட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் எங்கோ ஓரம் சரியாக உட்காரவில்லை. விளிம்பு ரப்பர், பெட்டியின் கிளிப், குழாய் கிளாம்ப் மூன்றையும் பார்க்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள்.